பதிவில்லை, தள்ளி நில்லுங்க

பிப்ரவரி 4, ஞாயிறு

மங்கலம் ரோட்டுக் குடோனை இன்று ஒரு பாட்டுக் கோஷ்டிக்கு வாடகைக்கு விட்டேன். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த இடம். நூல் மூட்டை போட வந்தவர்கள் ஓசிக்குக் கேட்காத குறை. பூட்டியே வைத்தால் எலிதான் குடும்பம் நடத்தும்.

வந்தது மூன்று பேர். நிலோஃபர் என்று ஒரு பெண், எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை, பாடுகிறவள் இவள்தான். கதிரேசன், தையல் மெஷின் மெக்கானிக், கிதார் வாசிக்கிறான். பிகாஷ், ஒடிசாக்காரன், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், டிரம் அடிக்கிறான்.

"என்ன பாட்டு? பக்தியா, சினிமாவா?"

"ரெண்டும் இல்லீங்கக்கா. மெட்டல்" என்றாள் நிலோஃபர்.

"அப்படின்னா?"

"கொஞ்சம் சத்தமா இருக்கும்ங்க" என்றான் கதிரேசன்.

"ரெண்டு பக்கமும் நிட்டிங் மெஷின் ஓடுது. அதுக்கு மேல நீங்க என்னத்தப் போட்டுருவீங்க?"

பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். அடுத்த நிமிடம் பக்கத்து நிட்டிங்காரர் வெளியே ஓடி வந்து, கம்ப்ரஸர் வெடித்துவிட்டதா என்று கேட்டார். அந்தப் பெண் பேசினால் பூனைக்குட்டி. பாட வாயைத் திறந்தால் லோடு ஏற்றிய லாரி மேட்டில் கியர் மாற்றுகிறது. கதிரேசன் ஒரு ஓட்டை ஓவர்லாக் தையல் மெஷினுக்குள் மைக்கை மாட்டி வைத்திருக்கிறான். பெடலை மிதித்தால் அது ஸ்பீக்கரில் உறுமுகிறது. பிகாஷின் தாளத்துக்குக் கை தட்டிப் பார்த்தேன். ஏழில் போகிறது, திடீரென்று பதினொன்றுக்குத் தாவுகிறது. என் கைதான் தோற்றது.

ஒப்பந்தம் எழுதக் கோஷ்டியின் பெயர் கேட்டேன். 'சாயக்கழிவு' என்றார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, அதுதான் பெயராம். விளங்கும்.

மூன்று மாத அட்வான்ஸ். ஞாயிறு மட்டும். பகல் பதினொன்று முதல் ஐந்து வரை. போகும்போது குடோனைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சென்னியப்பன் அண்ணன் கூப்பிட்டார். ஏற்கெனவே அவருடைய இரண்டு யூனிட்டில் என் விரல் மெஷின் பதினாலு ஓடுகிறது. ஆட்கள் வரும்போதும் போகும்போதும் விரல் வைப்பார்கள்; வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடையிலிருந்து வளர்மதி போய்ப் பதிவை இறக்கிக் கொடுப்பாள்; அதை வைத்துச் சனிக்கிழமை சம்பளம். இப்போது நாலு புது யூனிட் திறக்கிறாராம். இருபத்தாறு மெஷின். பதினைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், இத்தனை பெரிய ஆர்டரைப் பார்த்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு அம்மிணி. அதே பொம்பளக் குரல்தான் வேணும். அதைக் கேட்டா ஒருத்தனும் எதுத்துப் பேச மாட்டீங்கறான்."

"குடுத்தரலாமுங்கண்ணா."

மார்ச் நாலு, திங்கட்கிழமை கையெழுத்து. நாள் பார்த்திருக்கிறார்.

மதியம் பல்லடத்துக்காரர் ஒருவருக்கு டெமோ. எப்போதும் போல வளர்மதியின் விரல்தான். முதலாளியே விரலை நீட்டிக்கொண்டு நின்றால் கடைக்கு மரியாதை இருக்காது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

குடோன் சாவி ஒன்று கூடுதலாக வெட்டக் கொடுத்தேன். ரேஷன் கடைக்குத் தங்கச்சியை அனுப்பினேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கரண்ட் மீட்டர் பார்க்கத்தான் குடோனுக்குப் போனேன்.

புதுப் பாட்டு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் சத்தமே இல்லை. பிறகு பீப், பீப் என்று இரண்டு தடவை. அதற்குப் பிறகு, ஆள் உயர ஸ்பீக்கரில், ஒரு பெண் குரல்:

'பதிவில்லை. தள்ளி நில்லுங்க.'

உடனே கிதார் இடிந்து விழுந்தது. மறுபடி அந்தக் குரல். கதிரேசன் அதைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறான். தள்ளி, தள்ளி, தள்ளி என்று ஊசி மாட்டிக்கொண்ட மெஷின் மாதிரி அடிக்கிறது. குடோன் தகரம் அதிர்ந்து என் தலையில் துரு கொட்டியது.

முடிந்ததும், "இதை எங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சென்னியப்பன் கம்பெனி கேட்டுலங்கக்கா. பிகாஷ் அங்கதான் வேலை பாக்கறான். நீங்க வித்த மெஷின்தான், கோவிச்சுக்காதீங்க" என்றாள் நிலோஃபர். "ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரும் குடோன் போர்டுல இருக்கற நம்பரும் ஒண்ணா இருந்துச்சு. இந்தக்கா நமக்கு இடம் குடுக்காதுன்னு கதிரு சொன்னான். நீங்க அட்வான்ஸ் மட்டுந்தான் கேட்டீங்க."

பிகாஷ் வலது கையைக் காட்டினான். "ஸ்டீம் அக்கா. பத்து வருசம். விரல் இருக்கு, கோடு இல்லை. வாரம் மூணு நாள் மெஷின் என்னை வேணாம் சொல்லுது."

"மூணு தடவை வெச்சுப் பாத்து, ஓரமா நின்னு, சூப்ரவைசர் வர்றதுக்குள்ள எட்டு நாப்பது ஆயிருதுங்க. எட்டு நாப்பது தாண்டுனா அரை சிப்ட் போச்சு. மனுசன் ஏழரைக்கே வந்து நிக்கறான்!" என்றாள் நிலோஃபர்.

எட்டு நாற்பது என்று மென்பொருளில் நேரத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான். சென்னியப்பன் கேட்டார், செய்தேன். வியாபாரத்தில் கேட்டதைச் செய்வதுதான்.

"அந்தக் குரலுக்கு ஊருக்குள்ள பேரே 'தள்ளிநில்லக்கா'தாங்க" என்றான் கதிரேசன். "எந்தப் பொம்பளையப் புடிச்சுப் பேச வெச்சீங்க?"

"மெட்ராஸ்ல இருந்து பேசி அனுப்புனாங்க."

"அதான பாத்தேன்" என்றாள் நிலோஃபர். "ஏசி ரூம்ல உக்காந்துட்டுப் பேசியிருப்பா. ஒரு நாளு வரிசையில நின்னவளுக்கு அந்த அதட்டல் வாயில வருமா?"

மீட்டரில் 4187. குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

நேற்றுச் சொன்ன பொய் பெரிய பொய் இல்லை. தொழில் ரகசியம். எண்ணெய்க்கடைக்காரன் செக்கைத் திறந்தா காட்டுகிறான்?

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த மெஷின் இங்கிலீஷில் பேசும். மூக்கால் பேசும். கேட்ட ஆள் பேந்தப் பேந்த விழிப்பான், வரிசை அடைத்துக்கொள்ளும். மற்ற டீலர்கள் அப்படியே விற்றார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனில் பேசிப் பதிந்தேன். 'நன்றி, பதிவாயிருச்சு' முதல் தடவையே வந்துவிட்டது. மற்றதுதான் வரவில்லை. 'பதிவில்லை, மறுபடி வையுங்க' என்று முதலில் வைத்தேன். மறுபடி வைத்துக்கொண்டே இருந்தால் வரிசை நகராது. 'தள்ளி நில்லுங்க' என்று மாற்றினேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பப் பேசினேன். பதினேழாவது தடவைதான் சரியான அதட்டல் வந்தது.

தமிழ் பேசும் மெஷின் என்று போர்டு வைத்தேன். ஆறே மாதத்தில் கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றினேன். இன்றைக்கு இந்த ஊரில் முந்நூறு கேட்டில் நான் பேசுகிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

டீக்கடை பெஞ்சில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேனாம். "ஏழுல தட்டறீங்கக்கா" என்று வளர்மதி சிரித்தாள். அவளுக்கு எண்ணத் தெரிந்ததில் சந்தோஷம். வேலையில் எண்ணினால் இன்னும் சந்தோஷம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பழுதான மெஷின் ஒன்று கடையில் அடைசலாகக் கிடந்தது. குரல் மட்டும் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். துடைத்துப் பார்த்தால் எல்லாமே வேலை செய்தது. காசுக்குப் போகாது. குடோனில் கொண்டுபோய்ப் போட்டேன். போனில் பிடித்த சத்தம் அவர்களுக்கு இரைச்சலாக இருக்கிறது. நேரடியாக வயர் கொடுத்தால் சுத்தமாக வரும். சுத்தமில்லாத வேலையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். வேறு காரணம் இல்லை.

கதிரேசன் மெஷினைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வாங்கினான்.

பாட்டுக்கு இப்போது வார்த்தை வந்துவிட்டது. நிலோஃபர் உறுமுவதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றதும், எழுதியே கொடுத்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று இங்கே ஒட்டிவைக்கிறேன்.

'என் ரேகை எங்கே?
நீ போட்ட பனியன்ல.
என் ரேகை எங்கே?
நீ படுத்த பெட்சீட்ல.
தேச்சுத் தேச்சுக் குடுத்தாச்சு,
பெட்டி கட்டிப் போயாச்சு,
கப்பல் ஏறிப் போன ரேகையக்
கேட்டுல வந்து கேக்கறியா?'

அதற்குப் பிறகு மெஷின் 'தள்ளி நில்லுங்க' என்று சொல்லும். எல்லோரும் சேர்ந்து 'மாட்டோம்' என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் பாட்டு. மார்ச் மூன்றாம் தேதி ஒரு மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி.

"எப்படியிருக்குதுங்கக்கா?"

"காது வலிக்குது."

"அப்ப நல்லா இருக்குது" என்றாள்.

பிப்ரவரி 21, புதன்

சென்னியப்பன் கம்பெனியில் ஒரு மெஷினுக்கு வயர் மாற்ற வேண்டும் என்று அழைத்தார்கள். வளர்மதிக்குக் காய்ச்சல், நானே போனேன். காலை எட்டரை. கேட்டில் இருநூறு பேர் வரிசை. துணி சோதிக்கும் செக்கிங் அம்மாள் ஒருத்தி விரலை வைத்தாள். முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். நெற்றியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைத்தாள்.

'பதிவில்லை. தள்ளி நில்லுங்க.'

"மாட்டோம்!" என்றது வரிசை.

முதலில் பத்துப் பேர்தான். சிரித்துக்கொண்டுதான். அடுத்த ஆளுக்கும் மெஷின் அதையே சொன்னதும் வரிசை முழுக்கக் கத்தியது. யாரோ டிபன் கேரியரில் தட்ட ஆரம்பித்தார்கள். ஏழில் தட்டினார்கள்! பிகாஷ் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றான். குடோனில் எடுத்த வீடியோ வாட்ஸாப்பில் பாதி ஊரைச் சுற்றிவிட்டதாம். வாட்ச்மேன் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மாடி ஜன்னலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

நான் வயரை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை. வயரை இரண்டு தடவை தப்பான இடத்தில் மாட்டியதால் பத்து நிமிடம் ஆனது. காலையில் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

எதிர்பார்த்தபடி சென்னியப்பன் போன் வந்தது.

"உன்ற குடோன்லதான் கத்தறாங்களாமா?"

"வாடகைக்கு விட்டிருக்கறனுங்கண்ணா."

"காலி பண்ணச் சொல்லு. என்ற கேட்டுல வந்து என்னையே நக்கலடிக்கறானுக. அந்த ஒடிசாப் பையனை இன்னிக்கே நிறுத்திட்டேன்."

"அவனுக்கு நெசமாவே விரல் விழுகறதில்லீங்கண்ணா. ஸ்டீம்ல தேஞ்சு போச்சு."

"எல்லாம் கதை. ஆள் மாத்தி அனுப்பற களவாணி வேலை. இல்லாட்டி வேணும்னே கல்லுல தேய்ச்சுட்டு வர்றானுக. நான் இருபது வருசமாப் பாக்கறேன். யோக்கியமான விரல் விழுகும் அம்மிணி. விழுகலேன்னா ஆளு சரியில்லைன்னு அர்த்தம்."

"பாக்கறனுங்க" என்று வைத்துவிட்டேன்.

இருபத்தாறு மெஷின்.

பிப்ரவரி 23, வெள்ளி

அந்த அதட்டல் எங்கிருந்து வந்தது என்று இன்று சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது பிடிபட்டது. அது என்னுடையது இல்லை. நொய்யல் கரையில் பிளீச்சிங் பட்டறை ஒன்று இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து பதினோரு வருடம் அங்கே இருந்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டிக்குள் கையை விட்டு ஈரத் துணியை இழுத்துப் போட வேண்டும். உறை எல்லாம் கிடையாது. அங்கே ஒரு மேஸ்திரி. அவன் வாயில் 'தள்ளி நில்லு' என்ற இரண்டே வார்த்தைதான் இருக்கும். பதினேழாவது தடவை என் தொண்டையில் வந்தது அவன்தான்.

அவனைப் போய் இத்தனை வருடம் தமிழ் பேசும் மெஷின் என்று விற்றிருக்கிறேன்.

மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

குடோனில் இன்று சத்தமே இல்லை. மூன்று பேரும் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். யார் பேசினார்கள் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பிகாஷுக்கு வேலை இல்லை. கதிரேசன் பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறான். நிலோஃபர் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

"குரலை எடுத்துட்டா அப்பறம் அது வெறும் சத்தம்டா."

"சத்தம் போட்டாவது பொழைக்கலாம்ல."

"நான் வேலை போனவன். நான் சொல்றேன்" என்றான் பிகாஷ். "குரல் இருக்கட்டும்."

நிலோஃபர் என்னைப் பார்த்தாள். "நீங்களும் காலி பண்ணச் சொல்லத்தான வந்தீங்க? சொல்லிருங்கக்கா. சுத்தி வளைக்க வேண்டாம்."

"மூணு மாச அட்வான்ஸ் வாங்கியிருக்கறேன். வாங்குன காசைத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எனக்கில்லை" என்றேன். "ஒப்பந்தத்தை எடுத்துப் படி. ஞாயித்துக்கிழமை பதினொண்ணுல இருந்து அஞ்சு. அந்த நேரத்துல ஆளைக் கூட்டக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"லோடு இறக்கற மேடை நாலடி உயரம். மண்டபத்து மேடையை விட நல்லா இருக்கும். குடிதண்ணி கேன் வெச்சுருங்க. வாசல் கதவு ரெண்டும் தெறந்தே இருக்கோணும், கூட்டம் நெருக்குனா ஆபத்து."

"அக்கா, உங்களுக்கு ஆர்டர் போயிரும்ங்க" என்றான் கதிரேசன்.

"அது என்ற ஆர்டர். நீ உன்ற கிதாரைப் பாரு."

வரும் வழியில் யோசித்தேன். இருபத்தாறு மெஷின் லாபம் என்பது குடோனுக்கு மேலே ஒரு மாடி. மாடி இல்லாமலும் குடோன் நிற்கும்.

மார்ச் 1, வெள்ளி

சென்னியப்பன் கடைக்கே வந்துவிட்டார். காரிலிருந்து இறங்கும்போதே தொடங்கினார். டீ வேண்டாம் என்றார். வளர்மதியை வெளியே அனுப்பினேன்.

"திங்கக்கிழமை கையெழுத்து வேணுமா, ஞாயித்துக்கிழமை கூத்து வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"நீங்க அந்தப் பாட்டை முழுசாக் கேட்டீங்களாண்ணா?"

"எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

"மெஷினைப் பத்தின பாட்டு. வாங்கப் போறவர் நீங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க, ஒரு டெமோ காட்டறேன். பாத்துட்டுக் கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம்."

"டெமோவா?"

"இதுவரைக்கும் நான் யாருக்கும் காட்டாத டெமோங்க."

வியாபாரியை வரவழைக்க இந்த ஒரு வார்த்தை போதும். டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

மார்ச் 3, ஞாயிறு

முந்நூறு பேருக்குக் குறையாது. பாதிப் பேர் பிகாஷ் கம்பெனி. காலேஜ் பிள்ளைகள் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்கள்; செக்கிங் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்து நிட்டிங்காரர் நாற்காலியே கொண்டுவந்துவிட்டார். சென்னியப்பன் வாசல் ஓரம், கைகட்டி நின்றார்.

முதல் இரண்டு பாட்டுக்குச் செக்கிங் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் கதிரேசன் ஓவர்லாக் பெடலை மிதித்ததும் சிரிப்பு நின்றது. தினம் பத்து மணி நேரம் கேட்கிற சத்தம். அதை யாரோ ஒருவன் கோபமாக வாசித்துக் கேட்டதில்லை போல. ஒரு பெண் தலையை ஆட்ட ஆரம்பித்தாள், பின்னல் அவிழ்ந்தது, அவள் கட்டிக்கொள்ளவில்லை.

நாலாவதாகத்தான் அந்தப் பாட்டு. அதற்கு முன்னால் நிலோஃபரிடம் சொல்லிவைத்திருந்தேன், மேடையில் எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும், மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து வை என்று. எதற்கு என்று கேட்டாள். டெமோ என்றேன்.

நாலடி மேடையில் ஏற பிகாஷ் கை கொடுத்தான். அவன் விரல் என் விரல் மாதிரியே வழுவழு என்று இருந்தது.

மைக்கில் எனக்குப் பேச வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

"என்ற பேரு துளசிமணி. இந்த மெஷினை விக்கறவ. நேத்து ராத்திரி என்ற பேரை இதுல நானே ஏத்தி வெச்சேன். பத்து விரலையும் திரும்பத் திரும்ப அழுத்தித்தான் ஏத்துனேன். இப்பப் பாருங்க."

வலது கட்டைவிரலை வைத்தேன். பீப், பீப்.

'பதிவில்லை. தள்ளி நில்லுங்க.'

யாரும் கத்தவில்லை. இடது கட்டைவிரலை வைத்தேன். ஆள்காட்டி விரல். பத்து விரலையும் வைத்தேன். பத்துத் தடவையும் ஆள் உயர ஸ்பீக்கரில் நான் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

"பதினோரு வருசம் பிளீச்சிங் தொட்டியில விட்ட கை. ரேஷன் கடையில விழுகாது. பேங்க்ல விழுகாது. என்ற சொந்தக் கடை மெஷின்லயும் விழுகாது. வேணும்னே கல்லுல தேய்க்கல." அதற்குப் பிறகு சொல்ல நினைத்தது ஒன்று. வந்தது வேறு. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பதினேழாவது தடவைப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினேன்: "பதிவில்லை. தள்ளி நில்லுங்க."

மெஷினும் நானும் ஒரே குரல். நிலோஃபர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்வரிசையில் அன்றைக்கு நெற்றியில் விரலைத் தேய்த்த அம்மாள் நின்றிருந்தாள். அவள்தான் முதலில் கத்தினாள். "மாட்டோம்டி!"

'டி' போட்டுக் கத்தினாள். எனக்கு அது வேண்டியதுதான். அதற்குப் பிறகு தகரம் நிஜமாகவே பறந்துவிடும் என்று நினைத்தேன். பிகாஷ் ஏழில் அடித்தான், பதினொன்றுக்குத் தாவினான். நான் மேடையை விட்டு இறங்கவில்லை. மெஷின் சொன்ன ஒவ்வொரு தடவையும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். எனக்கு எதிராக நானே கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது, குடோன் தூசி.

பாட்டு முடிந்ததும் வாசலைப் பார்த்தேன். சென்னியப்பன் இல்லை.

ஐந்து மணிக்கு முடித்தார்கள். பெருக்கினார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மார்ச் 4, திங்கள்

கையெழுத்து நாள். யாரும் வரவில்லை. போனும் இல்லை. பழைய பதினாலு மெஷினுக்கான பராமரிப்பு ஒப்பந்தமும் இன்றோடு முடிகிறது. நானும் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

மதியம் ஸ்டோர் அறையைத் துடைத்தேன். கண்ணில் நிறையத் தூசி.

மார்ச் 6, புதன்

"மெஷின்ல பேசறது நீங்கதானாக்கா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். டீயை நங்கென்று வைத்தார். சற்று நேரம் கழித்து, காசு வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

மாலை நாலரை. சென்னியப்பன் போன்.

"பதிவு இறக்க ஆள் வரலியே. நாளைக்குச் சம்பளம்."

"ஒப்பந்தம் திங்கக்கிழமையே முடிஞ்சுதுங்கண்ணா."

"கோயமுத்தூர் மெஷின்காரன் வர மூணு நாள் ஆகும்ங்கறான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீயும் பட்டறையில இருந்தவளா அம்மிணி? சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

"பத்து விரலுமா விழுகல?"

"பத்தும்."

"நானும் டைலரா இருந்தவன்தான். எனக்கு விழுகுது. அதான் எல்லாருக்கும் விழுகும்னு..." என்று இழுத்தார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். முதலாளி. "சரி, என்ன வேணும்? சொல்லு."

சொன்னேன். மெஷின் இரண்டு தடவை மறுத்தால், சூப்ரவைசர் அங்கேயே நோட்டில் பேர் எழுத வேண்டும். வரிசையில் நின்ற நேரம்தான் வந்த நேரம். எட்டு நாற்பது கணக்கை மென்பொருளிலிருந்து நானே எடுத்துவிடுவேன். பிகாஷ் திங்கட்கிழமை வேலைக்கு வருவான். குரலை மாற்றுவேன்: 'இருங்க, பேர் எழுதிக்கறோம்.'

"அந்தப் பழைய குரல் நல்லா வேலை செஞ்சுது."

"அது இனி விக்கறதுக்கு இல்லீங்கண்ணா."

"இருபத்தாறு மெஷினுக்கும் இதேதானா?"

"முந்நூறு கேட்டுக்கும் இதேதான். உங்களுது முதல்ல."

நோட்டு விஷயத்தில் மட்டும் இழுத்தார். எழுதுகிறவன் கள்ளப் பேர் எழுதினால் என்றார். எழுதினால் அவன் கையெழுத்து இருக்கும், பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐந்து மணிக்குச் சரி என்றார். ஐந்தரைக்கு வளர்மதி பதிவை இறக்கினாள். ஆர்டர் விலையில் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

புதுக் குரலைக் காலையில் பதிந்தேன். ஒரே தடவையில் வந்தது.

மதியம் குடோன். நிலோஃபர் என்னிடம் ஒரு வாரமாகப் பேசவில்லை. இன்று வந்ததும், "மெட்ராஸ்ல இருந்து பேசி அனுப்புனாங்களாமா?" என்றாள்.

"ஏசி ரூம்ல உக்காந்துட்டு" என்றேன்.

முறைத்தாள். அப்புறம் அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். அடுத்த மாதம் ஈரோட்டிலும் கரூரிலும் கூப்பிட்டிருக்கிறார்களாம். பழைய குரல் வேண்டும் என்றார்கள். சும்மா கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை என்றேன். கதிரேசன் தாளை எடுத்தான். பேசி முடித்தது இது:

பழைய குரல் 'சாயக்கழிவு' பாட்டுக்கு மட்டும்; எந்தக் கம்பெனி கேட்டுக்கும் கிடையாது. குடோன் வாடகை பழையபடிதான், குறைப்பு இல்லை. நிகழ்ச்சி நடக்கிற இடத்து வாசலில் என் மெஷின் நிற்கும், பழைய குரலோடு. பதிந்த ரேகை அத்தனையையும் அன்று மாலையே அழித்துவிட வேண்டும். இது நிலோஃபர் போட்ட நிபந்தனை, ஒத்துக்கொண்டேன். வருகிறவர்கள் எல்லோரும் விரல் வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும். பதிவாகிறவர்களுக்கு டிக்கெட் நூறு ரூபாய். பதிவாகாதவர்கள் காசு தர வேண்டாம், முன்வரிசைக்குப் போகலாம்.